64 ஜிபி பென் டிரைவில் 57.8 தான் காட்டுகிறது, அதிலும் 11 ஜிபி கல்யாண வீடியோ ஏற மாட்டேன் என்கிறது

மீனா கும்பகோணம்:

வணக்கம். தம்பி கல்யாண வீடியோவை ஸ்டுடியோக்காரர் ஹார்ட் டிஸ்கில் போட்டுக் கொடுத்துவிட்டார். பெரியப்பாவால் கல்யாணத்துக்கு வர முடியவில்லை, அதனால் அவர் வீட்டு டிவியில் போட்டுப் பார்க்க ஒரு பென் டிரைவில் ஏற்றிக் கொடுக்க வேண்டும். இவ்வளவுதான் வேலை, இதற்கே நேற்றிலிருந்து மண்டை காய்கிறது.

புதிதாக 64 ஜிபி பென் டிரைவ் வாங்கினேன். என் விண்டோஸ் 11 லேப்டாப்பில் செருகினால் 57.8 ஜிபி என்று காட்டுகிறது. இத்தனைக்கும் உள்ளே ஒன்றுமே இல்லை, புது டிரைவ். மீதி 6 ஜிபி எங்கே என்று கடையில் கேட்டால் "எல்லா கம்பெனியும் அப்படித்தாம்மா" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விட்டார். சரி போகட்டும் என்று வீடியோவை காப்பி செய்யப் போனால், ஃபைல் 11.4 ஜிபி தான், காலி இடம் 50க்கு மேல் இருக்கிறது, ஆனாலும் இந்த டிரைவின் ஃபைல் சிஸ்டத்துக்கு இந்த ஃபைல் மிகப் பெரியது என்று ஒரு பெட்டி வந்து நின்றுவிடுகிறது. 50இல் 11 அடங்காதா? என்ன கணக்கு இது?

அப்புறம் இன்னொன்று. அம்மா போனில் இருந்த வாட்ஸ்அப் ஃபோல்டரை மொத்தமாக எடுத்து இதே டிரைவில் போட்டேன். அது ஏறிவிட்டது, ஆனால் மணிக்கணக்கில் ஓடியது. பிராப்பர்ட்டீஸில் பார்த்தால் சைஸ் 3.1 ஜிபி, அதற்கு அடுத்த வரியிலேயே சைஸ் ஆன் டிஸ்க் 3.7 ஜிபி. ஒரே ஃபோல்டருக்கு இரண்டு அளவா? உள்ளே 40 ஆயிரம் சொச்சம் ஃபைல், எல்லாம் குட் மார்னிங் படமும் ஸ்டிக்கரும் வாய்ஸ் மெசேஜும்தான்.

டூப்ளிகேட் டிரைவை என் தலையில் கட்டிவிட்டார்களா? மாற்றித் தரச் சொல்லிச் சண்டை போடலாமா, அதை முதலில் சொல்லுங்கள்.


செல்வம் சர்வீஸ், திருச்சி:

சண்டைக்குப் போகாதீர்கள் மேடம், டிரைவ் சரியாகத்தான் இருக்கிறது. 64க்கு 57, 58 வருவது பென் டிரைவில் சாதாரணம். என் கடைக்கும் வாரத்துக்கு ஒருவராவது இதே கேள்வியோடு வருகிறார்கள்.

வீடியோ ஏறாததற்குக் காரணம் இடம் அல்ல, ஃபார்மேட், அதாவது டிரைவில் ஃபைல்களை அடுக்கி வைக்கும் முறை. டிரைவ் மேல் ரைட் கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸில் ஃபைல் சிஸ்டம் என்ற வரியைப் பாருங்கள், ஃபேட்32 என்று இருக்கும். அதில் எவ்வளவு காலி இடம் இருந்தாலும் ஒரு தனி ஃபைல் 4 ஜிபியைத் தாண்டக் கூடாது. உள்ளே இருப்பதை வேறு இடத்தில் எடுத்து வைத்துக்கொண்டு எக்ஸ்ஃபேட் என்ற இன்னொரு முறையில் ஃபார்மேட் போடுங்கள், 11 ஜிபி ஃபைல் கேள்வி கேட்காமல் ஏறும். ஃபார்மேட் போட்டால் உள்ளே இருப்பது எல்லாம் போய்விடும், அம்மாவின் வாட்ஸ்அப் ஃபோல்டர் ஜாக்கிரதை.

ஆனால் பெரியப்பா டிவி எந்த வருஷத்து மாடல்? அதுதான் இங்கே முக்கியம்.


அரைகுறை ஆராய்ச்சி:

செல்வம் அண்ணன் சொன்னது சரி. அந்த 57.8 எப்படி வருகிறது என்பதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், பொறுமை இருப்பவர்கள் படிக்கலாம்.

அட்டைப் பெட்டியைத் திருப்பிப் பாருங்கள், எறும்பு சைஸ் எழுத்தில் 1 ஜிபி என்றால் 100 கோடி பைட் என்றும், பயன்படுத்தக் கிடைக்கும் இடம் இதைவிடக் குறையும் என்றும் அச்சடித்திருப்பார்கள். அந்தக் கணக்கில் 64 ஜிபி என்பது 6,400 கோடி பைட். விண்டோஸ் அப்படி எண்ணாது. அதற்கு 1024 பைட் ஒரு கேபி, 1024 கேபி ஒரு எம்பி, 1024 எம்பி ஒரு ஜிபி, ஆக ஒரு ஜிபி என்பது 107 கோடியே 37 லட்சத்து 41 ஆயிரத்து 824 பைட். 6,400 கோடியை இதால் வகுத்தால் 59.6 வரும். ஒரு பைட் கூடத் திருடு போகாமலே 64 என்பது 59.6 ஆகிவிட்டது. 32 ஜிபி என்றால் 29.8, 128 என்றால் 119.2, 1 டிபி ஹார்ட் டிஸ்க் என்றால் 931 ஜிபி காட்டும். அளவு ஏற ஏற இந்த இடைவெளியும் பெரிதாகும். கேபியில் இரண்டரை சதவீதம் கூடக் கிடையாது, ஜிபியில் 7 சதவீதத்துக்கு மேல், டிபியில் ஏறக்குறைய 10.

சரி, 59.6க்கும் 57.8க்கும் நடுவில் இருக்கும் பாக்கி? அது டிரைவை உள்ளிருந்து நிர்வகிக்கும் கண்ட்ரோலர் என்ற சிப் எடுத்துக்கொள்வது. பென் டிரைவுக்குள் இருப்பது நாண்ட் ஃபிளாஷ் சிப். அதில் தயாராகி வரும்போதே சில பிளாக் கெட்டுப்போய் இருக்கும், எழுதி அழித்து எழுதி அழித்து இன்னும் சில போகப்போகக் கெடும். அதற்கு மாற்றாகக் கொஞ்சம் இடத்தை கண்ட்ரோலர் ஒதுக்கி வைத்துக்கொள்ளும், எந்த டேட்டா எந்த பிளாக்கில் இருக்கிறது என்ற தன் சொந்தக் கணக்கையும் அங்கேதான் எழுதும். விலை குறைந்த டிரைவில் இந்த ஒதுக்கீடு கூடுதலாகவும் இருக்கலாம்.

பிராப்பர்ட்டீஸில் கெபாசிட்டி என்ற வரியில் ஜிபிக்குப் பக்கத்திலேயே பைட் எண்ணிக்கையும் இருக்கும், பாருங்கள். உங்களுக்கு 6,206 கோடி சொச்சம் வரும். இதே டிரைவை ஒரு மேக்கில் செருகினால் 62 ஜிபி என்று காட்டும், ஏனென்றால் ஆப்பிள் 2009இல் ஸ்னோ லெப்பர்ட் பதிப்பிலிருந்து 1000 கணக்குக்கு மாறிவிட்டது. டிரைவ் ஒன்றுதான், எண்ணும் ஆள்தான் வேறு.


கோபக்காரன்:

எல்லாம் கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் 64 என்று பெரிய எழுத்தில் போட்டுவிட்டு 57 கொடுப்பது ஏமாற்று வேலையா இல்லையா? பெட்ரோல் பங்கில் 64 ரூபாய் வாங்கிக்கொண்டு 57 ரூபாய்க்கு அடித்தால் சும்மா இருப்பீர்களா? கம்ப்யூட்டர் என்றால் 1024 தான், நாங்கள் பள்ளிக்கூடத்தில் படித்ததும் அதுதான். விற்கிறவன் வசதிக்காக 1000 ஆக்கிக்கொண்டான். யாராவது கேஸ் போட வேண்டும்.


அரைகுறை ஆராய்ச்சி:

போட்டார்கள் சார். அமெரிக்காவில் ஹார்ட் டிஸ்க் விஷயமாக வெஸ்டர்ன் டிஜிட்டல் மேல் ஒரு வழக்கு வந்து, 2006இல் சமரசமாக முடிந்தது, வாங்கியவர்களுக்கு ஒரு பேக்கப் சாஃப்ட்வேரை இலவசமாகக் கொடுத்தார்கள். அப்புறம் நீங்கள் கேட்கும் இதே 64 ஜிபி ஃபிளாஷ் டிரைவுக்காக சான்டிஸ்க் மேல் கலிஃபோர்னியாவில் ஒருவர் போனார், 64 என்றால் 6,871 கோடி பைட் இருந்திருக்க வேண்டும் என்பது அவர் வாதம். 2020இல் தள்ளுபடி ஆகிவிட்டது. 1 ஜிபி என்றால் 100 கோடி பைட் என்று பெட்டியிலேயே எழுதியிருக்கிறதே என்பதுதான் அங்கே எடுபட்டது.

ஜிபிக்கு 100 கோடி என்பது கம்பெனிக்காரன் கண்டுபிடித்ததும் இல்லை. கிலோ என்றால் ஆயிரம், மெகா என்றால் பத்து லட்சம் என்பதுதான் உலக அளவைக் கணக்கு. 1024க்குத் தனிப் பெயர் வேண்டும் என்று ஐஇசி என்ற சர்வதேசத் தர அமைப்பு 1998லேயே கிபிபைட், மெபிபைட் என்றெல்லாம் வைத்துவிட்டது, விண்டோஸ்தான் இன்றுவரை 1024ஆல் வகுத்துவிட்டு பக்கத்தில் ஜிபி என்றே எழுதிக்கொண்டிருக்கிறது. என்னைக் கேட்டால் குழப்பத்தில் பாதிப் பங்கு அவர்களுடையது. இருந்தாலும் உங்கள் கோபத்தில் நியாயம் இல்லாமலும் இல்லை, 59.6க்கும் கீழே போகும் அந்த ஒன்றரை, இரண்டு ஜிபியைப் பெட்டியில் ஒளித்துத்தான் எழுதுகிறார்கள். உள்ளே எத்தனை பைட் கிடைக்கும் என்று ஒரே ஒரு எண்ணை முகப்பில் போட்டால் முடிந்துபோகும் விஷயம்.

அந்தக் காலத்து 1.44 எம்பி ஃபிளாப்பி ஞாபகம் இருக்கிறதா? அதில் இருந்தது 14,74,560 பைட். 1000 கணக்கில் 1.47 எம்பி, 1024 கணக்கில் 1.41 எம்பி. 1440ஐ 1024ஆல் பெருக்கிவிட்டு, பெயர் வைக்கும்போது மட்டும் 1000ஆல் வகுத்திருக்கிறார்கள். இரண்டு கணக்கும் ஒரே அட்டையில்.


ஸ்டுடியோ பாண்டி, மதுரை:

ஃபிளாப்பி கதையெல்லாம் இருக்கட்டும், அக்காவுக்கு வீடியோ ஓட வேண்டும்.

அக்கா, எக்ஸ்ஃபேட் போடச் சொல்கிறார்கள், கம்ப்யூட்டருக்கு அது சரி. ஆனால் கொஞ்சம் வயசான டிவி பாதிக்கு எக்ஸ்ஃபேட் தெரியாது. அது மைக்ரோசாஃப்ட் 2006இல் கொண்டுவந்தது, ரொம்ப நாள் லைசென்ஸ் கட்டித்தான் போட வேண்டியிருந்தது, 2019இல்தான் அதன் விவரத்தை வெளியே விட்டார்கள், அதனால் பல டிவி கம்பெனிகள் அதைத் தொடவே இல்லை. நாங்கள் பார்ட்டிக்கு டெலிவரி கொடுக்கும்போது என்ன டிவி என்று கேட்டுவிட்டுத்தான் ஃபார்மேட் போடுவோம். தெரியாது என்று சொன்னால் ஃபேட்32 போட்டு, ஃபைலைத் துண்டாக்கிக் கொடுத்துவிடுவோம், எந்த டிவியிலும் ஓடும்.

வீடியோ எவ்வளவு நேரம்? 2 மணி 40 நிமிஷம் மாதிரி இருந்தால் 11.4 ஜிபி என்பது நொடிக்கு 10 மெகாபிட் கணக்கு, ஃபுல் ஹெச்டிக்கு நல்ல குவாலிட்டி. வீடியோ எத்தனை ஜிபி ஆகும் என்பது இந்த நொடிக்கு எத்தனை பிட் என்பதையும் ஓடும் நேரத்தையும் வைத்துத்தான். நிறையப் பேர் ஹெச்டி என்றால் இவ்வளவு ஜிபி, 4கே என்றால் இவ்வளவு ஜிபி என்று நினைக்கிறார்கள், அப்படி இல்லை, அதே ஃபுல் ஹெச்டியை நொடிக்கு 5 மெகாபிட்டில் போட்டால் பாதி சைஸ்தான் வரும். மெகாபிட்டை 8ஆல் வகுத்தால் மெகாபைட், அதை மொத்த நொடியால் பெருக்கினால் ஃபைல் சைஸ். பாட்டுக்கும் இதே கணக்குதான், 320 கேபிபிஎஸ் எம்பி3 என்றால் நிமிஷத்துக்கு 2.4 எம்பி, 5 நிமிஷப் பாட்டு 12 எம்பி.

இதை நொடிக்கு மூன்றரை மெகாபிட்டுக்குக் கீழே இறக்கினால் ஒரே ஃபைலாக 4 ஜிபிக்குள் அடக்கலாம்தான், ஆனால் செய்யாதீர்கள். பட்டுப்புடவை ஜரிகை, பூ அலங்காரம், பின்னால் ஆடுகிற சீரியல் லைட் எல்லாம் கட்டம் கட்டமாக உடையும், பெரியம்மா முதலில் அதைத்தான் கேட்பார்கள். ஹெச்.265 என்ற புதிய சுருக்கும் முறைக்கு மாற்றினால் அவ்வளவு கெடாது, ஆனால் பழைய டிவி அதைப் படிக்காது, சத்தம் மட்டும் வரும், இல்லை ஒன்றுமே வராது.

லாஸ்லெஸ்கட் என்று ஓர் இலவச சாஃப்ட்வேர் இருக்கிறது. குவாலிட்டி துளியும் மாறாமல் வெட்டும், திரும்ப என்கோட் செய்வதில்லை, அதனால் வேலையும் சீக்கிரம் முடியும். வெட்டும் இடம் நீங்கள் சொன்ன நொடிக்கு ஓரிரு நொடி முன்னே பின்னே விழலாம், அதனால் ஒரு காட்சி முடிந்து அடுத்தது தொடங்கும் இடமாகப் பார்த்து வெட்டுங்கள். மூன்றாக வெட்டினால் ஒவ்வொன்றும் 3.8, வெட்டு சரிசமமாக விழாவிட்டால் ஒன்று 4ஐத் தாண்டிவிடும். நான்காக வெட்டிவிடுங்கள். மாப்பிள்ளை அழைப்பு, முகூர்த்தம், நலங்கு, ரிசப்ஷன் என்று பெயர் போட்டுக் கொடுத்தால் பெரியப்பாவுக்கும் தேடுவது சுலபம். பெயருக்கு முன்னால் 01, 02 என்று எண் போடுங்கள், அந்த வரிசையிலேயே காப்பியும் செய்யுங்கள், சில டிவியும் கார் ஸ்டீரியோவும் பெயர் வரிசையைப் பார்க்காது, எது முதலில் ஏறியதோ அதைத்தான் முதலில் காட்டும்.


செல்வம் சர்வீஸ், திருச்சி:

பாண்டி தம்பி, வெட்டாமலும் வழி இருக்கிறது. விண்டோஸின் இன்னொரு ஃபார்மேட்டான என்.டி.எஃப்.எஸ் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், எக்ஸ்ஃபேட் தெரியாத டிவியிலும் அது ஓடும் கேஸ் நிறையப் பார்த்திருக்கிறேன். ஒரே ஃபைல், வெட்டு குத்து இல்லை.


ஸ்டுடியோ பாண்டி, மதுரை:

ஓடினால் சந்தோஷம் அண்ணே. ஆனால் அக்காவின் தம்பி மேக் வைத்திருந்தால் என்.டி.எஃப்.எஸ்ஸில் படிக்க மட்டும்தான் முடியும், எழுத முடியாது. டிவியை நேரில் பார்க்காமல் நான் எதற்கும் கியாரண்டி கொடுப்பதில்லை, ஃபேட்32 தவிர.


மீனா கும்பகோணம்:

ரொம்ப நன்றி எல்லாருக்கும். ஃபைல் சிஸ்டம் பார்த்தேன், ஃபேட்32 தான். வீடியோ 2 மணி 38 நிமிஷம், பாண்டி தம்பி எப்படிக் கண்டுபிடித்தீர்களோ! தம்பி வைத்திருப்பதும் மேக் தான். டிவி மாடல் பெரியப்பாவிடம் கேட்டேன், "பெரிய டிவிம்மா" என்கிறார்.

57இல் 11 ஏன் அடங்கவில்லை என்பது மட்டும் இன்னும் மனசுக்குள் இறங்கவில்லை. யார் வைத்தது இந்த 4 ஜிபி கட்டுப்பாடு? அந்த வாட்ஸ்அப் ஃபோல்டர் இரண்டு அளவு காட்டுவதையும் யாராவது சொல்லுங்கள்.


அரைகுறை ஆராய்ச்சி:

4 ஜிபி கட்டுப்பாடு: ஃபேட்32இல் ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒரு சின்னக் குறிப்பு இருக்கும், பெயர், தேதி, எங்கே ஆரம்பிக்கிறது, எத்தனை பைட் நீளம் என்று. அந்த நீளத்தை எழுத ஒதுக்கியது 4 பைட், அதாவது 32 பிட். அதில் எழுத முடிந்த மிகப் பெரிய எண் 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 295, அதற்கு மேல் எழுத இடம் கிடையாது. விண்டோஸின் 1024 கணக்கில் அது 4 ஜிபிக்கு ஒரே ஒரு பைட் குறைவு. ஃபேட்32 வந்தது 1996இல், விண்டோஸ் 95இன் இரண்டாம் திருத்தப் பதிப்போடு. அன்றைக்கு வீட்டுக் கம்ப்யூட்டரில் மொத்த ஹார்ட் டிஸ்கே ஒன்றிரண்டு ஜிபிதான், ஒரே ஃபைல் 4 ஜிபி என்பது யாருக்கும் தேவைப்படவில்லை. எக்ஸ்ஃபேட்டில் அதே இடத்துக்கு 64 பிட் கொடுத்துவிட்டார்கள், நம் ஆயுசுக்கும் அந்த எல்லையைத் தொட மாட்டோம்.

இரண்டு அளவு: டிரைவில் இடத்தை ஃபைல் சிஸ்டம் பைட் பைட்டாகக் கொடுக்காது, கிளஸ்டர் என்று ஒரு துண்டு துண்டாகத்தான் கொடுக்கும். கல்யாண மண்டபத்தில் ரூம் போடுகிற மாதிரி, நான்கு பேர் தங்கும் ரூமில் ஒருவர் மட்டும் படுத்தாலும் ரூம் போனது போனதுதான். 64 ஜிபி டிரைவில் ஃபேட்32 என்றால் ஒரு கிளஸ்டர் பொதுவாக 32 கேபி. 5 கேபி வாய்ஸ் மெசேஜும் 32 கேபியை எடுத்துக்கொள்ளும், 33 கேபி படம் 64 கேபியை எடுத்துக்கொள்ளும். சராசரியாக ஒரு ஃபைலுக்கு அரை கிளஸ்டர் வீண் என்று வைத்தால், 16 கேபியை 40 ஆயிரத்தால் பெருக்குங்கள், 0.6 ஜிபி. உங்கள் 3.1க்கும் 3.7க்கும் உள்ள வித்தியாசம் அதுதான். ஃபைல்களின் உண்மையான நீளம் 3.1, டிரைவில் அடைத்துக்கொண்டிருக்கும் இடம் 3.7. இரண்டும் நிஜம்தான், ஆனால் இன்னும் எவ்வளவு காலி என்று பார்க்கும்போது இரண்டாவதுதான் கணக்கு.

இதில் யாரும் சொல்லாத ஒரு விஷயம்: எக்ஸ்ஃபேட்டுக்கு மாறினால் இது இன்னும் மோசமாகும். 32 ஜிபிக்கு மேற்பட்ட டிரைவில் விண்டோஸ் தானாகத் தேர்ந்தெடுக்கும் எக்ஸ்ஃபேட் கிளஸ்டர் 128 கேபி. அதே 40 ஆயிரம் ஃபைல் அங்கே ஐந்தரை ஜிபியாவது பிடிக்கும், ஸ்டிக்கர் மாதிரி குட்டி ஃபைல் அதிகம் இருந்தால் அதற்கு மேலும் போகும். ஃபார்மேட் பெட்டியில் அலோகேஷன் யூனிட் சைஸ் என்ற இடத்தில் 32 கேபி என்று மாற்றிக்கொள்ளலாம். அதைவிட நல்லது, அந்த வாட்ஸ்அப் ஃபோல்டரை ஒரே ஜிப் ஃபைலாக ஆக்கிவிட்டு ஏற்றுவது. ஜிப் செய்வதால் அளவு குறையும் என்று எதிர்பார்க்காதீர்கள், படமும் வாய்ஸும் ஏற்கெனவே சுருக்கியவைதான், 3.1 ஜிபி என்பது 3 ஆகக் குறைந்தாலே பெரிது. லாபம் வேறு இடத்தில், கிளஸ்டர் வீண் போகாது, மணிக்கணக்கில் காத்திருக்கவும் வேண்டாம். 40 ஆயிரம் ஃபைலை ஒவ்வொன்றாகப் போடும்போது ஒவ்வொன்றுக்கும் குறிப்பு எழுதி, அட்டவணையைத் திருத்தி என்று ஓடும், பென் டிரைவ் இந்தச் சின்னச் சின்ன எழுத்தில் ரொம்பவே திணறும்.


ரஹீம், ரியாத்:

நல்ல விவரம். இங்கேயே என் கேள்வியையும் போட்டுவிடுகிறேன். ஆன்லைனில் 2 டிபி பென் டிரைவ் நம்ம ஊர்க் காசில் 600 ரூபாய்க்குப் போட்டிருக்கிறார்கள். ஊருக்குப் போகும்போது இரண்டு மூன்று வாங்கிப் போனால் பிள்ளைகளுக்கு ஆகும். செருகினால் 2 டிபி என்றே காட்டுகிறது என்று வாங்கியவர்கள் படம் எடுத்துப் போட்டிருக்கிறார்கள். வாங்கலாமா?


செல்வம் சர்வீஸ், திருச்சி:

வாங்காதீர்கள் பாய். மீனா மேடம் முதலில் பயந்தார்களே டூப்ளிகேட் என்று, அதற்கு அச்சு அசல் உதாரணம் இதுதான்.

உள்ளே இருப்பது 32 ஜிபியோ 64 ஜிபியோ சிப். கண்ட்ரோலருக்குள் இருக்கும் ஃபர்ம்வேர் என்ற சாஃப்ட்வேரை மாற்றி, யார் கேட்டாலும் நான் 2 டிபி என்று சொல்ல வைத்திருப்பார்கள். கம்ப்யூட்டர் அதை நம்பிவிடும், டிரைவ் சொல்வதைத்தான் அது காட்டும். அந்தப் படங்களால் ஒன்றும் நிரூபணம் ஆகாது. முதல் 32 ஜிபி வரை எல்லாம் ஒழுங்காக நடக்கும். அதற்கு மேல் போடுவது ஒன்று காற்றோடு போகும், இல்லை முதலில் போட்டதன் மேலேயே எழுதும். ஃபைல் பெயர், சைஸ் எல்லாம் பளிச்சென்று தெரியும், திறந்தால்தான் கெட்டுப்போனது தெரியும். ஊரில் போய்ப் பிள்ளைகள் ஃபோட்டோவைத் திறந்து பார்க்கும் நாளில்தான் விஷயம் வெளிவரும். இந்த ரகத்தில் நாங்கள் ரெக்கவரி போட்டும் ஒன்றும் தேறாது, ஏனென்றால் அந்த டேட்டா எங்கேயும் எழுதப்படவே இல்லை.

சந்தேகப்பட்ட டிரைவை ஹெச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச சாஃப்ட்வேரில் போட்டுப் பாருங்கள். டிரைவ் முழுக்கத் தன் சொந்த டேட்டாவை எழுதி, திரும்பப் படித்து ஒப்பிடும். லினக்ஸ், மேக் வைத்திருப்பவர்களுக்கு எஃப்3 என்று ஒன்று இருக்கிறது. நேரம் பிடிக்கும், 64 ஜிபி டிரைவ் நொடிக்கு 10 எம்பி வேகத்தில் எழுதினால் எழுதவே ஒன்றே முக்கால் மணி நேரம் ஆகும், அப்புறம் படிக்க வேறு. காலி டிரைவில்தான் செய்ய வேண்டும்.

விலையை வைத்தே பாதி தெரிந்துவிடும். பெயருள்ள கம்பெனியின் 64 ஜிபி டிரைவே அந்த விலைக்குப் பக்கத்தில் இருக்கும்போது அதைப்போல 30 மடங்கு இடம் எப்படி வரும்?


கோபக்காரன்:

இதற்குக் கேஸ் போடலாமா?


செல்வம் சர்வீஸ், திருச்சி:

இதற்குத் தாராளமாகப் போடலாம். விற்றவனைக் கண்டுபிடித்தால்.


மீனா கும்பகோணம்:

நடந்ததைச் சொல்கிறேன். எக்ஸ்ஃபேட் போட்டு வீடியோவை ஏற்றிப் பெரியப்பா வீட்டுக்கு அனுப்பினேன், டிவி கண்டுகொள்ளவே இல்லை, என்.டி.எஃப்.எஸ்ஸும் அதே கதை. சரி, பாண்டி தம்பி சொன்னபடி நான்காக வெட்டிவிட்டேன், அது அருமையாக வந்திருக்கிறது. இப்போது திரும்ப ஃபேட்32 போடலாம் என்று ஃபார்மேட் பெட்டியைத் திறந்தால் அந்தப் பெயரே இல்லை, எக்ஸ்ஃபேட், என்.டி.எஃப்.எஸ் இரண்டு மட்டும்தான். வாங்கும்போது அதில்தானே இருந்தது?


அரைகுறை ஆராய்ச்சி:

32 ஜிபிக்கு மேல் போனால் விண்டோஸ் பெட்டியில் ஃபேட்32 காட்டாது. ஃபேட்32இன் எல்லை அது இல்லை, அந்தப் பெட்டியின் எல்லை மட்டும்தான். 1990களில் அந்தப் பெட்டியை எழுதிய டேவ் பிளம்மர் என்ற முன்னாள் மைக்ரோசாஃப்ட் இன்ஜினியர் 2024இல் இதைப் பற்றி எழுதினார். கிளஸ்டரில் எவ்வளவு வீண் போகலாம் என்று அன்று காலை அவராக எடுத்த முடிவில்தான் இந்த 32 ஜிபி எல்லை வந்ததாம், தற்காலிகம் என்று நினைத்து எழுதிய பெட்டியாம். 64 ஜிபி டிரைவ் வாங்கியவர்கள் எல்லாரும் அதில் முட்டிக்கொண்டிருக்கிறோம். அதே 2024இல் மைக்ரோசாஃப்ட் ஒரு சோதனைப் பதிப்பில் கமாண்ட் லைன், அதாவது கட்டளையைத் தட்டச்சு செய்யும் முறை, வழியாக 2 டிபி வரை திறந்துவிட்டது.

உங்களுக்கு வழி: ரூஃபஸ் என்ற இலவச சாஃப்ட்வேரில் பெரிய டிரைவையும் ஃபேட்32 ஆக்கலாம். அல்லது தம்பியின் மேக்கில் டிஸ்க் யுடிலிட்டியைத் திறந்து எம்.எஸ்.டாஸ் ஃபேட் என்பதைத் தேர்ந்தெடுங்கள், ஸ்கீம் என்று கேட்டால் மாஸ்டர் பூட் ரெக்கார்ட் கொடுங்கள். டிவிக்கு அதுதான் பழக்கம்.


மீனா கும்பகோணம்:

தம்பி மேக்கிலேயே ஃபேட்32 போட்டு நான்கு துண்டையும் ஏற்றிவிட்டான். டிவியில் ஓடுகிறது! பெரியம்மா முகூர்த்தத்தை மட்டும் திரும்பத் திரும்பப் போடச் சொல்கிறார்களாம். ஆனால் டிவியில் ஒவ்வொரு வீடியோவும் இரண்டு தடவை வருகிறது, ஒன்று ஓடுகிறது, இன்னொன்றை அமுக்கினால் ஃபைல் சரியில்லை என்கிறது. பெரியப்பா வீடியோ கெட்டுவிட்டது என்று பயப்படுகிறார். இடமும் கணக்கில் உதைக்கிறது, 11.4 ஏற்றினால் 14 போயிருக்கிறது.


ஸ்டுடியோ பாண்டி, மதுரை:

கெடவில்லை அக்கா, மேக் செய்யும் சேட்டை அது. மேக் இந்த மாதிரி டிரைவில் ஒரு ஃபைலைப் போடும்போது தன் குறிப்புகளுக்காகக் கூடவே இன்னொரு குட்டி ஃபைலையும் போடும், அதே பெயர், முன்னால் மட்டும் ஒரு புள்ளியும் அடிக்கோடும் இருக்கும். அளவு சில கேபிதான். மேக்கில் கண்ணுக்குத் தெரியாது, டிவி அதையும் வீடியோ என்று நினைத்து வரிசையில் காட்டும். உங்கள் விண்டோஸ் லேப்டாப்பில் செருகி, வியூ மெனுவில் மறைந்த ஃபைல்களைக் காட்டச் சொல்லிவிட்டு, புள்ளி அடிக்கோட்டில் ஆரம்பிக்கும் நான்கையும் அழித்துவிடுங்கள்.

14 போனதற்குக் காரணம் வேறு. தம்பி முதலில் ஒரு துண்டை ஏற்றிவிட்டு அழித்து மறுபடி ஏற்றினானா என்று கேளுங்கள். மேக்கில் பென் டிரைவிலிருந்து எதை அழித்தாலும் அது அந்த டிரைவிலேயே ஒரு மறைவான குப்பை ஃபோல்டருக்குத்தான் போகும். டிரைவ் செருகியிருக்கும்போதே டிராஷைக் காலி செய்தால்தான் இடம் திரும்ப வரும், பிடுங்கிவிட்டுக் காலி செய்தால் வராது. உங்கள் லேப்டாப்பில் மறைந்த ஃபைல்களைக் காட்டச் சொன்னதும் புள்ளி டிராஷஸ் என்ற ஃபோல்டர் தெரியும், அதையும் சேர்த்து அழித்துவிடுங்கள், அந்த இரண்டரை ஜிபி திரும்பிவிடும்.


மீனா கும்பகோணம்:

ஆமாம், ரிசப்ஷன் துண்டை ஒரு தடவை மாற்றினானாம். அழித்துவிட்டேன், இப்போது நான்கு வீடியோ மட்டும்தான் வருகிறது. அம்மாவின் குட் மார்னிங் படங்களை ஜிப் போட்டு மீதி இடத்தில் ஏற்றிக்கொண்டிருக்கிறேன்.